இலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட பச்சைக் காய்

கோலாலம்பூரின் நவீன காப்பிக் கடைகளில் 'சவுத்வெஸ்டர்ன்' சாலட் என்று ஒரு கிண்ணம் விற்கிறார்கள். பொடியாக நறுக்கிய சாலட் இலை, சோளம், கறுப்பு பீன்ஸ், தக்காளி, குடைமிளகாய், அவகாடோ. மேலே எலுமிச்சையும் சீரகமும் மணக்கும் எண்ணெய்ச் சாறு. அந்த விலைக்குப் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு பேர் வாழை இலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்துவிடலாம். இது பணக்காரத் தீனி, நமக்கு எதற்கு என்று கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் ஒதுக்குவதில் வியப்பில்லை. ஆனால் ஒதுக்க வேண்டியது அந்த விலையைத்தான், சாலட்டை அல்ல.

காரணம் நம் இரத்தத்திலேயே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. காய்கறி, பழம் போதிய அளவு சாப்பிடாதவர்கள் நூற்றுக்கு 95 பேர் என்று சொன்னதும் அதே ஆய்வுதான். இந்த இரண்டாவது கணக்கில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. எல்லாருமே தேர்வில் தவறியவர்கள்.

தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ இருக்கட்டும் என்று சுகாதார அமைச்சு 'சூக்கு சூக்கு செப்பாரோ' முழக்கத்தோடு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. வாழை இலையில் நடப்பது வேறு. நடுவில் சோற்று மலை. சுற்றிலும் கத்தரிக்காய், முட்டைக்கோஸ், மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய். பச்சையாக இருப்பது தயிரில் மிதக்கும் வெள்ளரிக்காய் ஒரு கரண்டி மட்டுமே. சோற்றை இரண்டாம் முறை கேட்காமலே கொட்டுகிறார்கள். வெள்ளரியை இரண்டாம் முறை கேட்பவரைக் காண்பது அரிது.

சவுத்வெஸ்டர்ன் சாலட்டின் பூர்வீகம் அமெரிக்காவின் தென்மேற்கு, அதாவது நியூ மெக்சிகோ, அரிசோனா, டெக்சஸ் பக்கம். ஹோப்பி முதலான புவெப்லோ பூர்வகுடி மக்கள் சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் வளர்த்துச் சாப்பிட்ட மண் அது. அந்தச் சமையலை நாகரிக உணவகங்களுக்கு ஏற்றியது 1980-களின் சமையல்காரர்கள். மார்க் மில்லர் சாந்தா ஃபேயில் 1987-இல் திறந்த 'கயோட்டி கஃபே' அவற்றில் பேர்பெற்றது. சீரகத்தை அங்கே கொண்டுபோனவர்கள் ஸ்பானியர்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்டு நம் குழம்புக்குள் குடியேறியது.

கிள்ளான் சந்தையில் மண்ணோடு குவித்து விற்கும் செங்குவாங் கிழங்கும் மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸ் வழியாக வந்ததுதான். சவுத்வெஸ்டர்ன் சாலட்டில் அதை 'ஹிக்காமா' என்று போடுகிறார்கள். மலாய்க்காரர்கள் பச்சையாக மெல்லும் ஊலாம் ராஜா கீரைக்கும் அமெரிக்க வெப்பமண்டலமே தாயகம். இன்னும் சொல்லப்போனால், தமிழ் முஸ்லிம்கள் இந்நாட்டுக்குத் தந்த மாமாக் ரோஜாக் ஒரு நறுக்குச் சாலட்டே: செங்குவாங், வெள்ளரி, தவ்வு, முட்டை, வடை எல்லாவற்றையும் நறுக்கிப்போட்டுச் சாறு ஊற்றுவது. அதன் கோளாறு அந்தச் சாற்றில் இருக்கிறது. சர்க்கரையும் சர்க்கரைவள்ளியும் கடலையும் சேர்ந்த கெட்டிக் குழம்பை அகப்பை அகப்பையாக ஊற்றிக் காயை மூழ்கடித்துவிடுகிறார்கள்.

பாசிப்பருப்பை ஊறவைத்து, வெள்ளரியைக் கொத்தி, கடுகு தாளித்து, எலுமிச்சை பிழியும் கோசுமல்லியும் இதே குடும்பம்தான். நவராத்திரிச் சுண்டலில் தக்காளியும் இலையும் நறுக்கிப்போட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி அந்த எண்ணெய்ச் சாறு. பிரெஞ்சுக்காரர்கள் இதை வினிகிரெட் என்பார்கள். மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு என்பது அவர்கள் கணக்கு. காரமும் புளிப்பும் பழகிய நம் நாக்குக்கு இரண்டுக்கு ஒன்று சரி. நாலு பேருக்கு நாலு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய், ஆறேழு கஸ்தூரி லீமாவில் பிழிந்த இரண்டு மேசைக்கரண்டிச் சாறு. ஒரு தேக்கரண்டி சீரகத்தை வெறும் சட்டியில் வாசம் கிளம்பும்வரை வறுத்து இடித்துக்கொள்ள வேண்டும். வறுக்காத தூள் மண்வாடை அடிக்கும். உப்பு, ஒரு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய், கைப்பிடி கொத்தமல்லி, அரைத் தேக்கரண்டி அரைத்த கடுகு. கடைசியில் சொன்ன கடுகைத் தவிர்க்கக் கூடாது. கடுகுத் தோலில் உள்ள வழுவழுப்புப் பொருள்தான் எண்ணெயும் சாறும் பிரிந்துபோகாமல் பிடித்து வைக்கிறது. எல்லாவற்றையும் மூடியுள்ள ஜாம் போத்தலில் போட்டு அரை நிமிடம் குலுக்கினால் சாறு கலங்கி, கெட்டியாகி, கரண்டியில் ஒட்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பாக்கெட் செம்பனை எண்ணெயை ஊற்றினால் குளிர்பெட்டியில் உறைந்து மெழுகாக நிற்கும்.

பேரங்காடியில் போத்தல் போத்தலாக அடுக்கியிருக்கிறதே, எதற்கு இந்தக் குலுக்கல் என்று கேட்கலாம். அந்தப் போத்தல்களைத் திருப்பி லேபிளைப் படித்தால் பலவற்றில் சர்க்கரை முன்வரிசையில் நிற்கும். 'கொழுப்பில்லை' என்று பெருமை பேசுபவை இன்னும் மோசம். கேரட், தக்காளி, கீரையில் உள்ள கரோட்டினாய்டு சத்து எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பில்லாத சாறு ஊற்றிய சாலட்டிலிருந்து அந்தச் சத்து ஏறக்குறைய சேரவே இல்லை என்று தெரிந்தது.

காய் நறுக்குவதில் ஒரே விதிதான்: எல்லாம் கடலை அளவில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கரண்டியிலும் எல்லாம் வரும். கேமரன் மலை சாலட் இலையைக் கழுவியபின் துணியில் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது. சோளத்தை உதிர்த்துத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் கரும்புள்ளி விழும்வரை புரட்டினால் அந்தச் சுட்ட வாசனை வந்துவிடும். கறுப்பு பீன்ஸ் என்று கேட்டுச் சீனர் கடையில் கறுப்பு சோயாவை வாங்கி வந்துவிட வேண்டாம், அது வேறு. பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் கிடைக்கும் தட்டைப்பயறு போதும். சிவப்பு ராஜ்மா என்றால் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு நன்றாக வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும்.

ஆடு மாதிரி இலையை மெல்லச் சொல்கிறாயா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பயறும் சோளமும் இருப்பதால் இது வயிற்றை நிரப்பும் உணவு. சோற்றுக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்துவிட்டால் இரண்டாம் முறைச் சோறு தானாகக் குறையும். சோற்றை விடச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. முதலில் எது வாய்க்குப் போகிறது என்பதை மாற்றுவது நடக்கக்கூடிய காரியம்.

வீடுகளோடு இது நின்றுவிடக் கூடாது. துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாழை இலை விரிக்கும் உணவக முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். பயறும் வெள்ளரியும் செங்குவாங்கும் உங்கள் வழக்கமான மொத்த வியாபாரியிடமே கிடைக்கும். அவற்றை நறுக்கிச் சாறு கலந்து ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு, சோற்று வாளிக்கு முன்னால் ஓர் ஆளை அனுப்புங்கள்.