மணலில் எழுதிய விரல்

ஒவ்வோராண்டும் முதலாண்டு மாணாக்கரின் விடைத்தாள்களைத் திருத்துங்கால் நம் சிவப்பு மை விரைந்து தீர்ந்துவிடுகின்றது. 'கருத்து' என்பது 'கறுத்து'ப் போகின்றது. 'வாழை'யோ 'வாளை'யாகி, தோப்பை விட்டுக் காவிரியில் நீந்தப் புறப்படுகின்றது. இவை ஆறு வயதில் வேர்விட்ட பிழைகள். ஆதலின், கல்லூரித் தமிழ்த்துறையினராகிய நாம் தொடக்கப்பள்ளியைப் பற்றிப் பேசுவது வரம்பு மீறலாகாது.

குடந்தை மாநகர் எழுத்தின் அருமையை அறிந்த ஊர். இவ்வூர் அரசினர் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக விளங்கிய உ.வே.சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒரே வடிவாய் நிற்கும். எகர ஏகார வேறுபாடும் புலப்படாது. இவற்றோடு ஏடெழுதுவோரின் பிழைகளும் சேர்ந்துகொள்ளும். என்றோ ஒருவர் கவனமின்றிக் கீறிய ஓரெழுத்து, பின்னாளில் ஒரு பதிப்பாசிரியரின் பல இரவுகளைத் தின்றது எனலாம்.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் குழந்தை மணலில் விரலால் எழுதிற்று. எழுதும்போதே எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிற்று. கையும் கண்ணும் வாயும் செவியும் ஒருங்கே கற்றன. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார் இம்முறையைக் கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டார். 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். நம் மணல் அந்நாட்டு வகுப்பறை வரை சென்றது. (பிரம்பையும் உடன் மீட்டு வருமாறு நாம் கூறவில்லை!)

அழகிய கையெழுத்து வேறு, பிழையற்ற எழுத்து வேறு. முத்து முத்தாய்ப் பிழை எழுதுவோரையும் நாம் அறிவோம். ழகர ளகர வேறுபாட்டை வாயால் கற்பிக்க இயலும். ஆசிரியர் நா முதலில் திருந்த வேண்டும், அவ்வளவே. ஆனால் ரகர றகரங்கள் இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. செவி உதவாதவிடத்துச் சொல்லின் வடிவத்தைக் கண்ணும் கையும்தான் நினைவில் கொள்ள வேண்டும். 'பந்து', 'வண்டு', 'கன்று' என மூன்று சொற்களை அருகருகே எழுதிக் காட்டினால், தகரத்தின் முன் ந், டகரத்தின் முன் ண், றகரத்தின் முன் ன் என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். நாள்தோறும் ஐந்து சொற்களைச் சொல்லி எழுதச் செய்தாலே போதும். பிழைத்த சொல்லை நூறு முறை எழுதுக எனத் தண்டிப்பதில் பயனில்லை; பத்தாவது முறைக்குப் பின் கை மட்டுமே எழுதுகின்றது, மனம் விளையாட்டுத் திடலில் இருக்கின்றது.

தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது நன்றே. எனினும் அட்டைகளும் படங்களும் கைப்பயிற்சிக்கு மாற்றாகா. கைப்பேசியைத் தடவும் விரலுக்கு எழுதுகோலின் பிடியைத் தனியே பழக்க வேண்டியுள்ளது.

சமுதாயப் பெரியோர் அருகிலுள்ள தொடக்கப்பள்ளிகளுக்கு இரட்டைக்கோட்டு ஏடுகளை வழங்கலாம். நம் துறை மாணாக்கர் வாரத்தில் ஒரு மணி நேரம் அங்குச் சென்று சொல்வதெழுதுதல் நடத்தலாம். அனுப்புமுன் அவர்தம் ரகர றகரங்களை நாம் ஒருமுறை பார்த்துவிடுவோம்.