சங்கு ஊதினால் போதுமா?

வசந்தம் என்றதும் நம் நாட்டார் மனத்தில் தோன்றுவன மாந்தளிரும் குயிலோசையும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்தியச் சமவெளியிலும் தென்பாகத்திலும் வாழும் குடிகளுக்கோ அது வானத்தை அண்ணாந்து பார்த்து அஞ்சும் பருவம். மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து எழும் ஈரமான வெப்பக் காற்றும், மேற்கே மலைகளைக் கடந்து வரும் வறண்ட குளிர் காற்றும் அந்தச் சமவெளியின்மீது வந்து சந்திக்கின்றன. அச்சந்திப்பில் இடியும் ஆலங்கட்டி மழையும் பிறக்கின்றன. சில வேளைகளில் 'டார்னேடோ' என்னும் கொடிய சுழற்காற்றும் பிறந்து, ஊர்களைச் சில நிமிஷங்களில் தரைமட்டமாக்கிவிட்டு மறைகிறது.

இச்சுழற்காற்றை முன்னறிந்து எச்சரிப்பதில் அந்நாட்டு வானிலை இலாகா அடைந்திருக்கும் தேர்ச்சி மிகப் பெரிது. ராடார் கருவிகள் மேகத்தின் வயிற்றுக்குள் காற்று சுழல்வதைக் காட்டுகின்றன. பல சமயங்களில் காற்று வந்து தாக்குவதற்குச் சுமார் பத்து நிமிஷம் முன்னதாகவே எச்சரிக்கை பிறந்துவிடுகிறது. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் ஜனங்கள் மடிவானேன்? இக்கேள்வி அமெரிக்கருக்கு மாத்திரம் உரியதென்று நாம் கருதவில்லை. ஜனங்களுக்கு அபாயத்தை அறிவிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட எந்தச் சர்க்காரும் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

நீதிஸ்தலத்தில் ஒரு விதி உண்டு. சம்மன் எழுதி முத்திரையிட்டுவிட்டதால் மட்டும் எதிர்வாதி அறிந்துகொண்டதாக ஆகிவிடாது. அது அவனுக்கு முறைப்படி சார்வு செய்யப்பட்டிருக்க வேண்டும். அபாய எச்சரிக்கைக்கும் இவ்விதி பொருந்தும் என்பது நம் அபிப்பிராயம். எச்சரிக்கை குடிமகன் செவிக்கு எட்ட வேண்டும். அவனுக்குப் புரிய வேண்டும். அவன் அதை நம்ப வேண்டும். நம்பியபின் ஓடி ஒளிய ஓர் இடமும் வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் சர்க்காரின் கடமை அரைகுறையே.

முதலாவது, செவிக்கு எட்டுதல். 1925-ம் வருஷம் மார்ச்சு 18ந் தேதி மிஸ்ஸௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாகாணங்களையும் ஒரே சுழற்காற்று உழுதுகொண்டு போயிற்று. மாண்டவர் 695 பேர். அவர்களுக்கு எச்சரிக்கை என்பதே கிடைக்கவில்லை. அக்காலத்தில் வானிலை உத்தியோகஸ்தர்கள் தங்கள் முன்னறிவிப்புகளில் 'டார்னேடோ' என்ற சொல்லையே விலக்கி வந்தார்கள். காற்றைவிடக் கிலியே அதிகக் கேடு விளைக்கும் என்பது மேலிடத்தின் கொள்கை. ஜனங்கள் உண்மையைத் தாங்கமாட்டார்கள் என்ற வாதம் எந்த நாட்டு அதிகார வர்க்கத்துக்கும் மிகவும் பிடித்தமானது. ஜனங்களோ உண்மை தெரியாமலேதான் மாண்டார்கள்.

இந்த மௌனம் கலைந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1948-ம் வருஷம் மார்ச்சு 20ந் தேதி ஓக்லஹோமாவிலுள்ள டிங்கர் ராணுவ விமானத் தளத்தைச் சுழற்காற்று தாக்கி ஏராளமான விமானங்களை நொறுக்கியது. ஐந்தே நாள் கழித்து, 25ந் தேதி, அங்கிருந்த பாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள் அதே குறிகளைக் கண்டு முன்னறிவிப்புச் செய்தார்கள். சொன்னபடியே அன்று மாலை காற்று வந்தது. முன்னேற்பாட்டினால் நஷ்டமும் குறைந்தது. சாஸ்திரத்துக்குப் பெரிய வெற்றிதான். ஆயினும், ராணுவ விமானங்களுக்குக் கிடைத்த அந்தச் சலுகை சாதாரணக் குடிகளுக்குக் கிடைக்க மேலும் நான்கு வருஷம் சென்றது. 1952-ல்தான் வானிலை இலாகா பொதுஜனங்களுக்கென்று சுழற்காற்று முன்னறிவிப்புகளை வெளியிடத் தொடங்கியது.

அப்பழங்கதை முடிந்துவிட்டதென்று எண்ணுவோர் ஸெயின்ட் லூயி நகரில் 2025-ம் வருஷம் மே 16ந் தேதி நடந்ததைப் பார்க்கட்டும். வானிலை இலாகாவின் எச்சரிக்கை உரிய காலத்தில் பிறந்தது. நகரத்து அபாயச் சங்குகளோ ஊதவில்லை. சங்கை ஊதச் செய்ய வேண்டிய நகர இலாகாவுக்கும் தீயணைப்புப் படைக்கும் இடையே தெளிவான உத்தரவு கைமாறவில்லை. நகரில் நால்வர் மாண்டனர். ஆயிரக்கணக்கான கட்டிடங்கள் சேதமுற்றன. பொறுப்பிலிருந்த அதிகாரியை மேயர் விடுப்பில் அனுப்பினார். சங்கு ஊதியிருந்தால் அந்நால்வரும் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒலி கேட்கவில்லை என்பது சத்தியம்.

இரண்டாவது, புரிதல். டெக்ஸாஸ் மாகாணத்தில் ஸாராகோஸா என்றொரு சிற்றூர். அங்கே ஸ்பானிய மொழி பேசும் ஏழைத் தொழிலாளிகளே மிகுதி. 1987-ம் வருஷம் மே 22ந் தேதி மாலை, சிறு குழந்தைகளின் பள்ளி விழாவுக்காக ஊரார் ஒரு மண்டபத்தில் கூடியிருந்த வேளையில் சுழற்காற்று பாய்ந்தது. ஊரில் மாண்ட 30 பேரில் 22 பேர் அம்மண்டபத்திலே மாண்டனர். எச்சரிக்கை பிறந்திருந்தது, அது ஆங்கிலத்தில் பிறந்திருந்தது. அவ்வூரார் பார்த்து வந்த ஸ்பானிய ஒளிபரப்பிலோ உள்ளூர் எச்சரிக்கைக்கு இடமே இல்லை.

தாய்மொழிக்காகப் போராடுவது வெறும் உணர்ச்சி என்று ஏளனம் செய்வோர் இவ்வூரின் கதியைச் சிந்திப்பார்களாக. சட்டமும் தீர்வையும் அந்நிய மொழியில் இருந்தால் குடிமகன் ஏமாறுகிறான். எச்சரிக்கையும் அந்நிய மொழியில் இருந்தால் உயிரையே இழக்கிறான். இத்தனை அனுபவத்துக்குப் பின்னும், 2025-ம் வருஷம் ஏப்ரலில், மொழிபெயர்ப்புக்கான ஒப்பந்தம் காலாவதியானதை முன்னிட்டு வானிலை இலாகா பிற மொழி அறிவிப்புகளைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. பின்னர் அவை மீண்டும் தொடங்கின என்பது உண்மையே. ஆனால் அந்த வாரங்கள் சுழற்காற்றுப் பருவத்தின் நடுவில் வந்தவை.

மூன்றாவது, நம்புதல். 2011-ம் வருஷம் மே 22ந் தேதி மிஸ்ஸௌரியின் ஜாப்லின் நகரில் சங்கு ஊதியது. காற்று தரை தொடுவதற்கு இருபது நிமிஷத்துக்கு முன்னதாகவே முதல் முறை ஊதியது. எனினும் 150க்கு மேற்பட்டோர் மாண்டனர். சங்கொலி கேட்டவுடன் பலர் பதுங்கவில்லை. இன்னொரு சான்று கிடைக்கட்டும் என்று காத்திருந்தார்கள் என்று பின்னர் நடந்த விசாரணைகள் தெரிவித்தன. இதற்கு அவர்களை நிந்திப்பது நியாயமாகாது. அக்காலத்தில் நாடெங்கும் பிறந்த சுழற்காற்று எச்சரிக்கைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பலிக்கவில்லை. அடிக்கடி ஊதும் சங்கு காதுக்குப் பழகிப்போகும். பழகிய ஒலிக்கு யாரும் எழுந்து ஓடுவதில்லை. இதனை உணர்ந்த இலாகா, 2012 முதல் அபாயத்தின் அளவைத் தரம் பிரித்து, இன்ன சேதம் விளையும் என்று வெளிப்படையாகக் கூறும் முறையைச் சோதனையாகத் தொடங்கிற்று. விவேகமான காரியம்.

நான்காவது, புகலிடம். இதுவே எல்லாவற்றிலும் தலையாயது. ஆட்சியாளர் நாவில் மிகக் குறைவாக அடிபடுவதும் இதுவே. தொழிற்சாலையில் செய்து, சக்கரங்களின்மீது கொண்டுவந்து நிறுத்தப்படும் இலேசான வீடுகளில் அமெரிக்க ஏழைகள் பலர் வசிக்கிறார்கள். ஜனத்தொகையில் அவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஆயினும் வீட்டிலிருக்கையில் சுழற்காற்றுக்கு இரையாவோரில் சுமார் பாதிப் பேர் அவ்வீடுகளில் இருப்போரே. "உடனே உறுதியான கட்டிடத்துக்குச் செல்லுங்கள்" என்று எச்சரிக்கை கூறுகிறது. உறுதியான கட்டிடம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் திரும்பக் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

ஓக்லஹோமாவின் மூர் நகரில் 2013-ம் வருஷம் மே 20ந் தேதி ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் ஏழு குழந்தைகள் மாண்டன. அங்கும் எச்சரிக்கை வந்திருந்தது. அப்பள்ளியில் காற்றைத் தாங்கும் அறை ஒன்று இல்லை. அடுத்த வருஷமே அந்நகரம் புது வீடுகள் பலத்த காற்றைத் தாங்குமாறு கட்டப்பட வேண்டும் என்று விதி செய்தது. குழந்தைகளைப் பலிகொடுத்த பின் வந்த விதி அது.

பணமுள்ள நாட்டுக்குத்தான் இதெல்லாம் சாத்தியம் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவர்களுக்கு நம் ஒரிஸ்ஸா மாகாணமே பதில். 1999-ம் வருஷப் புயலில் அங்கே சுமார் 10,000 பேர் மாண்டனர். அதன்பின் கடற்கரையோரம் புகலிடங்கள் எழுந்தன. கிராமந்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றார்கள். 2019-ம் வருஷம் மே 3ந் தேதி பானி புயல் வந்தபோது, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். அங்கே மாண்டவர் நூற்றுக்கும் குறைவு. புயல் நாட்கணக்கில் அவகாசம் தருகிறது, சுழற்காற்று நிமிஷங்களே தருகிறது என்பதை நாம் மறக்கவில்லை. அவகாசம் குறையக் குறையப் புகலிடம் அருகில் இருக்க வேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவு.

2025-ம் வருஷ ஆரம்பத்தில் அமெரிக்க வானிலை இலாகாவிலிருந்து நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வெளியேறினார்கள். சிக்கனம் என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. காற்றைக் காணும் கண்ணையே குறைத்துக்கொண்டு, சங்கையும் புகலிடத்தையும் பற்றிப் பேசிப் பயனென்ன?

பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நம் நேயர்கள் இதனின்று ஒரு பாடம் கொள்ளலாம். தங்கள் ஊர் அதிகாரிகள் "முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லிக் கைகழுவ முற்படும்போது, யார் காதில் விழுந்தது, எந்த மொழியில் விழுந்தது, ஏன் நம்பவில்லை, எங்கே போகச் சொன்னீர்கள் என்று நான்கு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். விடை எழுத்தில் வரும்வரை விடாதீர்கள். காற்றைத் தடுக்க எந்தச் சர்க்காராலும் இயலாது. ஆகவே அதற்காக எந்தச் சர்க்காரையும் நாம் குறை கூறமாட்டோம். சங்கொலி கேட்டவன் புகுவதற்கு ஒரு கதவு திறந்திருக்கச் செய்வது சர்க்காரால் இயலும். அது திறவாதிருந்தால் அக்குற்றத்தைக் காற்றின்மேல் சுமத்த ஜனங்கள் இடங்கொடுக்கலாகாது.