மலைக்கோயிலும் மலையுணவும்

பழனிமலைத் தொடரில், கொடைக்கானலுக்கு அருகே அமைந்த சிற்றூர் வட்டக்கானல். சோலைக்காடும் செங்குத்துப் பள்ளத்தாக்கும் சூழ்ந்த இவ்வூரின் உணவகப் பலகைகளில் எபிரேய எழுத்துகளையும் காணலாம். இசுரேல் நாட்டு இளைஞர் பல ஆண்டுகளாக இங்கு வந்து தங்குவதால், கொண்டைக்கடலையை அரைத்துப் பொரிக்கும் பலாஃபெலும் அதனை மசித்துச் செய்யும் ஹம்முஸும் எளிதில் கிடைக்கின்றன. அயலார்க்கு அவர்தம் உணவைச் சமைத்தளிப்பது விருந்தோம்பலே. அதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால், இம்மலையில் விளைவது யாது என அறியாமலேயே ஒருவர் நான்கு நாள் தங்கித் திரும்பிவிடலாம் என்பது கவலைக்குரியது.

பழந்தமிழரின் வழிநடை வேறுவகையானது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை விரிக்கும் மலைபடுகடாம், வழியிலுள்ள குடிகளில் கிடைக்கும் தினைச்சோற்றையும் மறவாமல் கூறுகிறது. வழிகாட்டுபவர் உடன் வருவதில்லை. அவர் சொல் மட்டுமே துணை. குறிஞ்சியின் தெய்வமாகிய முருகனையும் உணவாகிய தினை, மலைநெல் ஆகியவற்றையும் கருப்பொருள் என ஒரே வரிசையில் வைத்தது தமிழ் இலக்கணம். கோயிலைக் கண்டு உணவைக் காணாது மீள்பவர் அவ்வரிசையில் பாதியையே படித்தவராவார்.

கொடைக்கானலின் குறிஞ்சி ஆண்டவர் கோயில் 1936இல் எழுந்தது, பழமையானதன்று. எனினும் வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பழனியைக் காணலாம். பழமையை நாடுவோர் பூம்பாறைக்குச் செல்ல வேண்டும். அவ்வூர்க் குழந்தை வேலப்பர் திருவுருவைப் போகர் வடித்தார் என்பது மக்கள் நம்பிக்கை. கோயிலைச் சுற்றி நடப்பவர் கண்ணுக்குப் படிப்படியாக இறங்கும் வயல்கள் தென்படும். அம்மண்ணில் விளையும் காரம் மிகுந்த மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டில் அக்குறியீட்டைப் பெற்ற மற்றொன்று பழனிப் பஞ்சாமிர்தம்.

பஞ்சாமிர்தத்தில் மரபாகச் சேர்வது விருப்பாச்சி மலைவாழை. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களின் ஊடே விளையும் இப்பழத்தில் நீர்ப்பதம் குறைவு. ஆகவே பஞ்சாமிர்தம் விரைவில் கெடுவதில்லை. தெய்வத்துக்குரிய படையலின் தன்மையை மலைச்சரிவின் ஒரு பழம் முடிவுசெய்கிறது! ஆயினும், அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோயால் இவ்வாழை பெரிதும் அழிந்தது. தடியன்குடிசையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நோயற்ற கன்றுகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டது. கன்று கிடைத்தாலும், பழத்தை வாங்குவோர் இருந்தால்தானே உழவர் நடுவார்? கோயிலின் தேவை இவ்வாழைக்கு ஓர் ஊன்றுகோல். அத்தகைய ஊன்றுகோல் தினைக்கு இல்லை. மலைப்பூண்டுக்கோ குறியீடு மட்டுமே உண்டு, அதனை வாங்கிச் சமைப்போரே அதனை வாழவைக்க இயலும்.

இப்பொறுப்பை அரசிடமோ அறநிலையத்திடமோ மட்டும் விட்டுவிடுதல் தகாது. மலைக்கு வருவோர் எதைக் கேட்கிறார்களோ அதையே உணவகத்தார் சமைக்கின்றனர். வட்டக்கானலில் ஹம்முஸ் கிடைப்பது, அதனைக் கேட்டு வாங்கியவர் ஆண்டுதோறும் வந்ததனால்தான். தினைச்சோற்றையும் பூண்டுக் குழம்பையும் மலைவாழைப்பழத்தையும் கேட்போர் அங்கு எத்தனை பேர்?