காணி போன காலத்தில் சபை எங்கே நின்றது?

ஒரு சிற்றூர்ச் சபையின் வரலாற்றை எழுத உட்காரும்போது நாம் பொதுவாக எவற்றை எழுதுகிறோம்? முதற் போதகர் யார், அத்திவாரக்கல் எப்போது நாட்டப்பட்டது, கூரை எப்போது மாற்றப்பட்டது என்பவற்றையே. கத்தோலிக்கராகிய எமது பங்குகளின் நூற்றாண்டு மலர்களும் அப்படித்தான். இது போதாது என்பதே எமது கருத்து.

கண்டிப் பகுதியின் பப்டிஸ்ட் சபைகளை எடுத்துக்கொள்வோம். ஜேம்ஸ் சேட்டர் என்னும் மிஷனரி 1812 இல் கொழும்புக்கு வந்தார்; 1815 இல் சிங்கள இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். 1841 இல் கண்டியில் பணித்தளம் அமைந்தது. இவை எழுதப்பட்டுள்ளன. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னர், 1840 இல், குடியேற்ற அரசு 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உரிமையை நிரூபிக்க முடியாத காடும் சேனையும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. கண்டிக் கிராமத்தவரின் மேய்ச்சல் நிலமும் சேனையும் கைமாறின. தமிழ்நாட்டுத் தொழிலாளர் லயன் அறைகளுக்கு வந்து சேர்ந்தனர். ஆலய வாசலிலேயே நடந்த இதற்குச் சபை வரலாற்றில் இடமில்லையா?

அதே பப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள், ஏறக்குறைய அதே ஆண்டுகளில், ஜமேக்காவில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அங்கே அடிமைத்தனம் நீங்கிக்கொண்டிருந்த காலம். விடுதலை பெற்றவர்கள் தோட்டத்துக் குடிசையிலேயே தங்கினால், வாடகையையும் கூலியையும் துரைமார் நினைத்தபடி வைப்பார்கள், மறுத்தால் வெளியேற்றுவார்கள். இதை உணர்ந்த ஜேம்ஸ் பிலிப்போ என்னும் போதகர் 1835 இல் மலைப்பகுதியில் 25 ஏக்கர் காணி வாங்கினார். அது துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, 1838 இல் முழு விடுதலை கிடைத்தபோது குடும்பங்களின் சொந்தமாகத் தொடங்கியது. ஸ்லைகோவில் என்னும் அந்தக் கிராமத்தைப் பின்பற்றி வேறு பல கிராமங்களும் எழுந்தன. அங்கே சபையின் வரலாறும் மக்களின் காணி வரலாறும் ஒன்றே.

உங்களிற் சிலர் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தால் வயலும் வளவும் இழந்தவர்கள். பழைய தெல்தெனிய நகரமே நீருக்குள் போனது. வேறு சிலர் 1983 கலவரத்தாலும் போரினாலும் பெயர்ந்தவர்கள். ஊர் ஆலயம் இன்று இல்லாதிருக்கலாம். ஆயினும் பப்டிஸ்ட் சகோதரர் எமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றனர்: சபை என்பது அதன் உறுப்பினரே, போதகரைத் தெரிவதும் தீர்மானம் எடுப்பதும் அவர்களே. அப்படியானால் வரலாற்றை எழுத வேண்டியவர்களும் நீங்களே.

ஒரு கொப்பியை எடுங்கள். மூத்தவர்களை இருத்திக் கேளுங்கள். எமது வயலின் பெயர் என்ன? எல்லைகள் எவை? நட்டஈடு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? யார் எங்கே போய்க் குடியேறினர்? அன்று சபை யாருக்காகப் பேசியது, எப்போது வாய்மூடி இருந்தது?

கடைசிக் கேள்வியை எம்மைப் போன்ற குருக்கள் விரும்பமாட்டோம். அதற்காக அதை விட்டுவிட வேண்டாம்.