தண்ணீர் தெளிப்பும் முட்டைக்கோழியும்: ஒரு மறுப்பு

கோடை நண்பகலில் கூண்டுகளின் மீது தண்ணீரைத் தெளித்துவந்தாலே முட்டைக்கோழிகள் வெப்ப அயர்ச்சியிலிருந்து, அதாவது உடலில் சேரும் வெப்பத்தை வெளியேற்ற இயலாமல் தவிக்கும் நிலையிலிருந்து, தப்பிவிடும் என்ற கருத்து நாமக்கல் வட்டாரப் பண்ணையாளர்கள் பலரிடம் வேரூன்றியுள்ளது. நல்லெண்ணத்தில் எழுந்த இக்கருத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி கோழிகளைக் கொல்லக்கூடியது.

உடல் நனைந்தால் சூடு தணியும் என்பதே இதன் அடிப்படை. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் என்பதால், காற்றின் வெப்பம் அவ்வளவை நெருங்கும்போது கொண்டை, தாடி, தோல் ஆகியவற்றின் வழியே சூடு வெளியேறுவது ஏறக்குறைய நின்றுபோய், வாயைத் திறந்து மூச்சிரைத்து மூச்சுப்பாதையின் ஈரத்தை ஆவியாக்குவது ஒன்றே அதற்கு எஞ்சுகிறது. அதற்குக் காற்று வறண்டிருக்க வேண்டும். காற்றோட்டமற்ற கொட்டகையில் தெளிக்கப்படும் நீரோ ஈரப்பதத்தை உயர்த்தி அவ்வழியையும் அடைத்துவிடுவதோடு, கூண்டின்கீழ்க் குவிந்த எருவை நனைத்து அம்மோனியாவையும் பெருக்குகிறது. வறண்ட காற்று வீசும் வேளையில், மின்விசிறிகளின் துணையோடு, ஃபாகர் எனப்படும் நுண்துளித் தெளிப்பான்களை விட்டுவிட்டு இயக்குவது பயன்தரும் என்பதை மறுப்பதற்கில்லை. கோடைமழைக்கு முந்தைய புழுக்கத்தில் அதே செயல் தீங்காகிறது.

வெப்பம் முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது என்ற எண்ணமும் பிழையானது. தீனி செரிக்கும்போது உடலுக்குள்ளேயே வெப்பம் பிறக்கிறது. முற்பகலில் எடுத்த தீனியின் செரிமானச் சூடு, வெயில் உக்கிரமடையும் பிற்பகலில்தான் உச்சத்தை எட்டுகிறது. ஆகவே தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்னரும் அளித்து, இடைப்பட்ட வெயில் நேரத்தில் நிறுத்திவைப்பதே முறை.

கோழி பிழைத்துவிட்டால் இழப்பில்லை என்போர் முட்டை ஓட்டைக் கவனிப்பதில்லை. மூச்சிரைப்பில் கரியமிலவாயு மிகுதியாக வெளியேறுவதால் இரத்தம் காரத்தன்மை மிகுந்து, ஓடு உருவாகத் தேவையான கார்பனேட்டு குறைகிறது. தீனியில் கிளிஞ்சலை மட்டும் கூட்டினால் இது சீராகாது.

தண்ணீர் உண்மையில் தேவைப்படுவது கோழியின் வயிற்றுக்கு. இயல்பான நாளில் தின்னும் தீனியின் எடையைப்போல் சுமார் இருமடங்கு நீர் அருந்தும் கோழி, கடும் வெயிலில் நான்கு மடங்கும் அதற்கு மேலும் நாடுகிறது. எனினும் நீர் சூடேறியிருந்தால் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. வெயிலில் நிற்கும் தொட்டிக்குப் பந்தலிட்டு, ஈரச் சாக்கைச் சுற்றி, நிப்பிள் எனப்படும் குடிநீர் முனைகள் பொருத்திய குழாய்களில் தேங்கிய சூடான நீரை நண்பகலில் இருமுறையேனும் திறந்து வெளியேற்ற வேண்டும். தெளிப்பானைக் கையில் எடுப்பதற்கு முன், வரிசையின் கடைசி நிப்பிளில் சொட்டும் நீரைத் தொட்டுப் பார்ப்பதே பண்ணையாளின் முதல் வேலையாக இருத்தல் வேண்டும்.