பட்டம் பெறாத முன்னோடிகள்

வைத்தியத் துறையில் முன்னோடிகளாய் விளங்கிய ஸ்திரீகளைக் குறித்துப் பேச நேரும்போதெல்லாம், முதல் பட்டதாரி யார் என்ற ஒரு வினாவை எழுப்பி, அதற்கு விடையாக ஒரு பெயரையும் ஒரு வருஷத்தையும் சொல்லிவிட்டு, சரித்திரத்துக்குச் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்ததென்று நம்மவர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். இவ்வழக்கம் எனக்குச் சம்மதமன்று.

1866-ல் பாரிஸ்டரான தம் கணவருடன் சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது, ஆண் வைத்தியர் முன் வர இசையாத கோஷா ஸ்திரீகள் தக்க உதவியின்றிப் பிரசவத்தில் மாண்டுபோவதைக் கேள்வியுற்று மனம் வருந்தி, தாமே வைத்தியம் கற்பதென்று நிச்சயித்தார். அக்காலத்தில் சென்னை ராஜதானியின் ஸர்ஜன் ஜெனரலாயிருந்த எட்வர்ட் பால்ஃபரும் பெண்களுக்கு இக்கல்வி வேண்டுமென்று வாதாடி வந்தமையால், 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஐந்து வருஷங்களுக்கு முன்புதான் எடின்பரோ நகரில், பரீட்சைக்குச் சென்ற ஸோபியா ஜெக்ஸ்-பிளேக் முதலிய மாணவிகளை ஒரு கும்பல் வழிமறித்துச் சேற்றை வாரி இறைத்திருந்தது. லண்டன் சர்வகலாசாலை தன் பட்டங்களைப் பெண்களுக்கு அளிக்க முன்வந்ததோ 1878-ல்தான்.

இதனால் சென்னைக்குப் பெருமை உண்டு. ஆனால் அப்பெருமையை அளந்துதான் கொள்ளவேண்டும். ஆணும் பெண்ணும் அறிவில் சமம் என்ற கொள்கை இங்கே வெற்றி பெற்றுவிடவில்லை. பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவைத்த வழக்கமே, அவளுக்குச் சிகிச்சை செய்ய இன்னொரு பெண் வேண்டுமென்ற நிர்ப்பந்தத்தை உண்டாக்கிற்று. ஷார்லீப் 1878-ல் இங்கே தேறி, 1882-ல் லண்டனில் பட்டமும் பெற்றுத் திரும்பி, 1885-ல் கோஷாப் பெண்களுக்கென்றே தோற்றுவித்த ஆஸ்பத்திரிக்கு இப்போது கஸ்தூரிபா காந்தியின் பெயர் வழங்குகிறது. திருவல்லிக்கேணிவாசிகள் அதை இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள்.

நம் பட்டியல்களில் இடம் பெறாதவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் கிருபாபாய். அகமத்நகரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் 1862-ல் பிறந்த இப்பெண்ணுக்கு இங்கிலாந்து சென்று வைத்தியம் பயில வாய்ப்பு வந்தும், தேகபலம் போதாதென்று அது தடைப்பட்டது. அதன் பின் 1878-ல் சென்னைக்கு வந்து, பாதிரியாராகிய டபிள்யூ. டி. சத்தியநாதனின் இல்லத்தில் தங்கி, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் இந்தியப் பெண் ஆனார். முதல் வருஷத்தில் மிகச் சிறப்பாகத் தேறியும், உடல் நலிந்து படிப்பை விட நேர்ந்தது. பின்னர் அவ்வீட்டுப் புதல்வரான சாமுவேலை மணந்து, ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதி, 1894-ல் தம் முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். 1882-ல் அபலா தாஸ் வந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்க மறுத்தமையால், வங்காள அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்துடன் இத்தனை தூரம் வந்த அவரும், நோய்வாய்ப்பட்டுப் பட்டம் பெறாமலே ஊர் திரும்பி, ஜகதீஷ் சந்திர போஸை மணந்து, வங்கத்துப் பெண் கல்விக்காக நெடுங்காலம் உழைத்தார்.

பாதியில் விட்டவர்களை முன்னோடிகள் என்பது மிகையல்லவா என்று கேட்பாருண்டு. பரீட்சையில் தோற்றோ, மனம் மாறியோ இவர்கள் விலகவில்லை. தேகம் இடங்கொடாமல் விலகினார்கள். மேலும், இந்தியப் பெண்ணுக்கு வைத்தியக் கல்வி ஏறாது என்று சொல்லிவந்தவர்களுக்கு, முதல் வருஷத்திலேயே கிருபாபாய் பெற்ற தேர்ச்சி ஒன்றே போதிய மறுப்பாகும். புதுக்கோட்டையிலிருந்து 1907-ல் முத்துலட்சுமி அம்மையார் அதே கல்லூரிக்குள் பிரவேசித்து, 1912-ல் டாக்டராக வெளிவந்ததை நாம் கொண்டாடுவது முற்றிலும் நியாயமே. ஆயினும், கிருபாபாய் சேர்ந்ததற்கும் அம்மையார் தேறியதற்கும் இடையே கடந்த முப்பத்து நான்கு வருஷங்களைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் இரண்டு பக்கமாவது இருக்கவேண்டும். அவற்றை எழுத முற்படுவோர், கிருபாபாய் தம் வாழ்க்கையையே ஆதாரமாகக் கொண்டு எழுதிய ‘சகுணா’ நாவலை முதலில் படித்துவிடுவது நலம்.