அம்மிச்சி தலையில் ஹெட்செட் மாட்டலாமா?

போன மாதம் அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து போன் வந்தது. "அண்ணா, லேப்டாப்புல ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணித் தரணுங்க." வழக்கமாக பிரிண்டர் டிரைவர், ஆன்டிவைரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், டேபிள் மேல் நெற்றியில் மாட்டும் ஒரு பட்டை. மூளையில் ஓடும் மின்சாரத்தை அளந்து புளூடூத் வழியாக லேப்டாப்புக்கு அனுப்புமாம். வெளிநாட்டில் இருக்கும் பேரன் வாங்கி அனுப்பியிருக்கிறான். அம்மிச்சிக்கு வயது 74. கேட்டதையே மூன்று தடவை கேட்கிறார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து விடுகிறார். மூளை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே என்ற நல்ல எண்ணம்தான்.

மாட்டினோம். ஸ்கிரீனில் கோடுகள் ஓடின. கீழே பெரிய எழுத்தில் ஒரு நம்பர்: 38. அம்மிச்சி என்னைப் பார்த்து, "ஏஞ்சாமி, நானு பெயிலாப் போயிட்டனா?" என்றார்.

எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த 38-க்கு அர்த்தமே கிடையாது. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதற்காக பெரியவர்களின் ஞாபக சக்திக்கு நாம் மார்க் போடக் கூடாது.

அதற்காக மூளை அலை என்பதே டுபாக்கூர் என்று நினைத்து விடாதீர்கள். 1924-ல் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக இதைப் பதிவு செய்தார். இன்று கோவை ஆஸ்பத்திரிகளில் வலிப்பு நோய்க்கு எடுக்கும் இ.இ.ஜி. இதுதான். சிக்னல் மிகவும் சின்னது. உங்கள் வயர்லெஸ் மவுஸில் போடும் பேட்டரி 1.5 வோல்ட். அதை 30,000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 50 மைக்ரோவோல்ட். தலைத் தோலில் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

வயதானால் வரும் சாதாரண மறதிக்கும் டிமென்ஷியா என்ற நோய்க்கும் நடுவில் ஒரு கட்டம் உண்டு. டாக்டர்கள் அதை எம்.சி.ஐ. என்கிறார்கள், அதாவது மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட். மறதி வயதுக்கு மீறி இருக்கும், ஆனால் அன்றாட வேலைகள் நடந்துகொண்டிருக்கும். இதில் எல்லோருக்கும் டிமென்ஷியா வருவதில்லை. சிலர் பழையபடி சரியாகியும் விடுகிறார்கள். இவர்களிடம் வினாடிக்கு 8 முதல் 13 தடவை துடிக்கும் ஆல்ஃபா அலை குறைந்து, அதைவிட மெதுவான தீட்டா அலை கூடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

நம் பக்கத்து ஊரிலேயே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ரே குழுவினர், 49 வயதைத் தாண்டிய 244 பேரை மானிட்டர் முன்னால் உட்கார வைத்து கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் காட்டினார்கள். இப்படிப்பட்ட படத்தைப் பார்க்கும்போது மூளையில் காமா என்ற வேகமான அலை எழும்பும். 244 பேரில் 12 பேருக்கு எம்.சி.ஐ., 5 பேருக்கு அல்சைமர். இந்த 17 பேரிடம், அதே வயது ஆரோக்கியமானவர்களை விட காமா குறைவாக இருந்தது. 2021-ல் வெளியான இந்த ஆய்வில் ஆல்ஃபாவில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் கவனியுங்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே பாட்டைப் பாடுவதில்லை.

அப்புறம், 17 பேரின் சராசரி குறைவு என்பது வேறு, உங்கள் அப்புச்சிக்கு நோய் இருக்கிறதா என்பது வேறு. பொள்ளாச்சித் தேங்காய் சராசரியாகப் பெரியது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் ஒரே ஒரு காயைப் பார்த்து அது எந்த ஊர்த் தோப்பு என்று சொல்லிவிட முடியுமா?

இருந்தாலும் இந்த ஆய்வு எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இப்போதைய ஞாபகப் பரிசோதனைகளில் பல, படித்தவர்களுக்காக எழுதப்பட்டவை. கடிகாரம் வரை, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழி என்பார்கள். கனடாவில் உருவாக்கி 2005-ல் வெளியிட்ட மோகா டெஸ்டில் மொத்தம் 30 மார்க். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 1 மார்க் சலுகை. பிளஸ் டூ முடித்தவருக்கும், பென்சிலே பிடிக்காத அம்மிச்சிக்கும் அதே 1 மார்க்! (படிக்காதவர்களுக்கென்று தனி வடிவம் பிறகுதான் வந்தது.) மானிட்டரில் பட்டையைப் பார்ப்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை. வயலில் களை எடுத்தே காலம் கழித்தவர்களுக்கும், மில்லில் ஷிப்ட் பார்த்தவர்களுக்கும் இது நியாயமான பரீட்சையாக வளரலாம்.

வளர வேண்டுமென்றால் நம் பெரியவர்களையும் அளக்க வேண்டும். கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுராவில் 10,000 கிராமத்தவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்ப்பது என்ற இலக்கோடு ஓர் ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்கள். பீளமேட்டில் மெடிக்கல் காலேஜும் இன்ஜினியரிங் காலேஜும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. அன்னூரிலும் காங்கேயத்திலும் இதுபோல செய்ய என்ன தடை? கேட்க வேண்டியது அதைத்தான், ஆன்லைனில் ஹெட்செட்டுக்கு என்ன ஆஃபர் என்று அல்ல.

வீட்டு ஹெட்செட் ஏன் ஏமாற்றுகிறது? அன்று நானே பார்த்தேன். அம்மிச்சி நெற்றியில் தேங்காய் எண்ணெய், அதன் மேல் விபூதி. சென்சார் தோலைத் தொடவே இல்லை. வாயில் வெத்தலை. தாடைச் சதை அசைந்தால் அதுவும் மின்சாரம்தான், மூளை அலையை விடப் பெரிதாகவே ஸ்கிரீனில் வரும். லேப்டாப் சார்ஜர் எர்த் இல்லாத பழைய பிளக்கில் இருந்தது. சார்ஜரைப் பிடுங்கியதும் தடித்திருந்த கோடு மெலிந்தது. நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், காமா அலையின் எல்லைக்குள்ளேயே அது வந்துவிடும். வெத்தலையைத் துப்பிவிட்டு மறுபடி பார்த்தபோது நம்பர் 61. ஐந்து நிமிடத்தில் மூளை இளமையாகி விட்டதா?

இன்னொன்று. 40 ஹெர்ட்ஸில் மின்னும் வீடியோவைப் பார்த்தால் ஞாபகம் திரும்பும் என்று இன்டர்நெட்டில் பரப்புகிறார்கள். 2016-ல் வெளியான ஆய்வு எலிகளிடம் செய்தது. வீட்டில் இருக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 40 ஹெர்ட்ஸ் மின்னலை ஒழுங்காகக் காட்டவும் முடியாது, 60-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை ஃபிரேம் வரும். வலிப்பு உள்ளவர்களுக்கு ஸ்கிரீன் மின்னுவது ஆபத்து. அதைத் தொடவே வேண்டாம்.

உங்கள் கம்ப்யூட்டர் உதவ வேறு வழி இருக்கிறது. நோட்பேடைத் திறந்து ஒரு பைல் வையுங்கள். தேதி போட்டு, என்ன மறந்தார், எப்போது என்று ஒரு வரி. காது சரியாகக் கேட்கிறதா, தூக்கம் எப்படி, என்னென்ன மாத்திரை என்பதையும் எழுதுங்கள். பிரிண்ட் எடுத்து நரம்பியல் டாக்டரிடம் கொடுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு என்று சரி செய்யக் கூடிய காரணங்களை அவர் முதலில் பார்ப்பார். இ.இ.ஜி. தேவையா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

அம்மிச்சியின் பைல் மூன்று வாரத்தில் ஒரு பக்கம் வந்தது. படித்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "தூக்க மாத்திரை எத்தனை நாளாப் போடறீங்க?" இரண்டு வருடமாக. மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வாங்கி. டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.